சம்பந்தி கடை லேப்டாப்

அத்தியாயம் 14

"இந்தக் கடுதாசியைக் குடுத்துத்தான் ஆவோணுமா கண்ணு?"

காலையிலிருந்து ஆறுச்சாமி இதை எத்தனை முறை கேட்டுவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. பல் விளக்கும்போது கேட்டார். இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொள்ளும்போது கேட்டார். இப்போது அன்னூர் பஸ் ஸ்டாண்டில், கோயமுத்தூர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டும் கேட்கிறார்.

"ஏறுங்கப்பா. பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்றாள் நித்யஸ்ரீ.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் லேப்டாப் பை. பைக்குள் லேப்டாப், அதற்கு மேல் மடிப்புக் கலையாமல் அந்தக் கடிதம். அவளுடைய வருங்கால மாமனார் செங்கோட்டையனுக்கு, அவர் கடை விலாசத்துக்கு, அவள் கைப்பட எழுதியது.

நித்யஸ்ரீ கோயமுத்தூர் இன்ஜினீயர்களுக்கு வீட்டிலிருந்தே பிளான் வரைந்து கொடுப்பவள். சுரேந்தரோடு உப்புச்சர்க்கரை மாற்றிக் கல்யாணம் உறுதியான கையோடு, மாப்பிள்ளை வீட்டாரின் ஆர்.எஸ்.புரம் கடையிலேயே புது லேப்டாப் வாங்கினாள். "நம்ம கடை இருக்கையில வேற கடை ஏறுனா ஒறம்பரை சொந்தபந்தம் என்ன நெனைப்பாங்க?" என்று ஆறுச்சாமி ஒற்றைக் காலில் நின்றதுதான் காரணம். வாங்கிய சில வாரங்களிலேயே அது சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. மாடிப்படி வரைந்துகொண்டிருக்கும்போது திரை மினுக்கும். சமையலறைக்குச் சுவர் எழுப்புவதற்குள் கறுத்துப்போய் அணைந்துவிடும்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். "உள்ள ஈரம் போயிருக்கு. இதுக்கு வாரண்டி கிடையாது." ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் படவிடவில்லை என்று அவள் சத்தியம் பண்ணாத குறை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்கு ஃபோன் போட்டால் செங்கோட்டையன், "கம்பெனிக்காரன் சொன்னதுக்கு நாம என்ன பண்றது அம்மணி?" என்று நழுவினார்.

அதன்பிறகுதான் நித்யஸ்ரீ 1915-க்கு ஃபோன் செய்தாள். நுகர்வோர் உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள். கம்பெனி மறுத்துவிட்டால் கதை முடிந்துவிடாது, விற்ற கடைக்கும் பொறுப்பு உண்டு. முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நீங்களே மனு போடலாம். எல்லாம் சரி, அந்தக் கடைக்காரர் தன் மாமனாராகப் போகிறவர் என்பதை மட்டும் நித்யஸ்ரீ அவளிடம் சொல்லவில்லை.

"தையில கல்யாணம்" என்றார் ஆறுச்சாமி, பஸ் கோவில்பாளையம் தாண்டும்போது. "கழுத்துல தாலி ஏறுமுந்தியே நோட்டீஸ் உடற மருமகளான்னு அவங்க பின்வாங்கிட்டா?"

"நான் தண்ணி ஊத்தலீங்கப்பா."

"ஊத்தலதான். ஆனா ஊத்துனேன்னு சொல்லிப்போட்டா யாருக்கு நட்டம்? நான் வேற ஒண்ணு வாங்கித் தாரேன்."

நித்யஸ்ரீக்கும் பயம் இல்லாமல் இல்லை. சுரேந்தரை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஃபோனில் பேசும்போது அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வான். அப்படிப்பட்ட ஒருவன் கைநழுவிப் போனால் தாங்குமா என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறாள். ஆனால் செய்யாத தப்பைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆயுசு முழுக்க அதையே சுமக்க வேண்டியிருக்குமே என்ற பயம் இன்னும் பெரிதாக இருந்தது.

மகள் பிடி கொடுக்கவில்லை என்றதும் ஆறுச்சாமி வழக்கமான ஆறுதலைத் தேடினார். ஃபோனை எடுத்து, பக்கத்து சீட்டில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் நீட்டினார்.

"பாருங்க, என்ற புள்ளயும் மாப்ளையும். எங்க சம்பந்தி கடை."

லேப்டாப் வாங்கிய அன்று கடையில் எடுத்த வீடியோ அது. செங்கோட்டையன் கடையில் எது விற்றாலும் பூஜை போட்டுத்தான் கொடுப்பார்கள். அதை வீடியோ எடுத்துக் கடையின் ஸ்டேட்டஸிலும் போட்டுவிடுவார்கள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கும் முதல் படம் என்பதால் ஆறுச்சாமி அதைப் பத்திரமாக வைத்திருந்தார். நாதஸ்வரம் ஒலித்தது.

"இது சம்பந்தியம்மா. சுப்பாத்தான்னு பேரு. எத்தன அம்சமாப் பண்றாங்க பாருங்க."

நித்யஸ்ரீ சும்மா ஒரு பார்வை பார்த்தாள். சுப்பாத்தாள் லேப்டாப்பின் மூடியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைக்கிறார். மூடியைத் திறக்கிறார். தாம்பாளத்திலிருந்து நீளக் கழுத்து வெள்ளிப் பன்னீர்ச் சொம்பை எடுத்து, சிரித்த முகத்தோடு, திறந்திருந்த கீபோர்டின் மேல் தாராளமாகத் தெளிக்கிறார்.

"அப்பா, அதைத் திரும்பப் போடுங்க."

இரண்டாம் முறை பார்த்தபோது சந்தேகமே இல்லை. அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்புக்குச் சொந்தக்காரி மட்டும் சுரேந்தரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆறுச்சாமிக்கும் புரிந்துவிட்டது. ஃபோனை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டார். "கண்ணு, இதை நாம பாக்கவே இல்லீன்னு வெச்சுக்கலாம்."

"அந்த வீடியோவ நீங்க காட்டாத ஆளே அன்னூருல இல்லீங்கப்பா."

முருங்கைக்காய் அம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நித்யஸ்ரீக்குக் கோபம் வரவில்லை. பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பொம்பளப் புள்ள இல்லாத குறை தீந்துச்சு" என்று சொன்ன மனுஷி. ஆசையாகத் தெளித்த பன்னீர். அதைப் போய் எப்படிச் சொல்வது?

"அத்தையப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள் கடைசியில். "லெட்டர்ல இருக்கறத மட்டுந்தான் கேப்பேன்."

ஆறுச்சாமி அதுவே போதும் என்று கும்பிட்டுக்கொண்டார்.

கடையில் வரவேற்புக்கு ஒரு குறையும் இல்லை. செங்கோட்டையன் கல்லாவை விட்டு எழுந்தே வந்தார்.

"வாங்க சம்பந்தி, வா அம்மணி. ஊட்டுல சௌக்கியமுங்களா? மழை கண்டுச்சுங்களா அந்தப் பக்கம்?"

மழை, மாடு, மண்டபத்து முன்பணம் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, காபியும் வந்து, அதன்பிறகுதான் பேச்சு லேப்டாப்புக்கு வந்தது. சுரேந்தர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கல்லூரிப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் புது லேப்டாப் காட்டிக்கொண்டிருந்தான். நித்யஸ்ரீயைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தான்.

"இங்க பாருங்க சம்பந்தி" என்றார் செங்கோட்டையன், குரலைத் தணித்து. "புள்ள கைல தண்ணி கிண்ணி பட்டிருக்கும். சின்னப் புள்ளதான, போகட்டும். நம்ம ஊட்டுக்கு வாற மகராசி. வேற ஒண்ணு எடுத்துக்கட்டும். எங்க பக்கத்துச் சீருல சேத்துக்கலாமுங்க."

ஆறுச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிரச்சினை தீர்ந்தது, அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பலாம்.

"சீரா வேண்டாங்க மாமா" என்றாள் நித்யஸ்ரீ.

கடிதத்தை எடுத்து நீட்டினாள். "நான் தண்ணி ஊத்தலீங்க. மெசின் இங்கிருந்து வரும்போதே சரியில்லீங்க. அத ஒத்துக்கிட்டு மாத்திக் குடுங்க. எனக்கு அதுதான் வேணுங்க."

செங்கோட்டையன் கடிதத்தை வாங்கினார். பிரிக்கவில்லை. "கடுதாசி வேறயா? இன்னைக்கு நீ குடுத்தா நாளைக்கு ஊரே கடுதாசியத் தூக்கிட்டு வந்து நிக்கும் அம்மணி. போன மாசம் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு புள்ள வந்து இதே பாட்டைத்தான் பாடுச்சு. உன்ற அத்தை குடுத்த குடுப்புல திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டா."

நித்யஸ்ரீக்குச் சுருக்கென்றது. "அவங்களுக்கும் ஈரம்னுதான் சொன்னாங்களாங்க?"

"அவங்க மட்டும் இல்ல" என்றான் சுரேந்தர், கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து. "இன்னும் ரெண்டு மூணு பேர் அப்படி வந்தாங்க. எனக்கே அது பிடிபடலை."

"நீ ஏவாரத்தப் பாரு" என்றார் செங்கோட்டையன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுப்பாத்தாள் தாம்பாளத்தோடு உள்ளேயிருந்து வந்தார். பட்டுக் கரைச் சேலை, தலையில் பூ, தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் சொம்பு.

"அடடே, எப்ப வந்தே அம்மணி? சித்த இரு, இதை முடிச்சுப்போட்டு வாரேன்."

கல்லூரிப் பெண் ஆசையோடு நெருங்கி நின்றாள். அவள் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கடைப் பையன் ஃபோனில் வீடியோ எடுக்கத் தயாரானான். சுப்பாத்தாள் மூடியில் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். மூடியைத் திறந்தார். சொம்பை எடுத்தார்.

ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு நித்யஸ்ரீக்கு ஞாபகம் இருந்தது. இன்னும் சில வாரத்தில் இதே பெண் இதே கடையில் நின்று, நான் தண்ணி ஊத்தலீங்க என்று அழுவாள் என்பதும் தெரிந்தது. அவளுக்குச் சம்பந்தி வீடும் கிடையாது, சீரும் கிடையாது.

"அத்தை, வேண்டாங்க!"

பாய்ந்து கீபோர்டின் மேல் கையை விரித்துவிட்டாள். பன்னீர் அவள் புறங்கையில் விழுந்து வழிந்தது.

கடைப் பையன் ஃபோனைக் கீழே இறக்கினான்.

"என்ன அம்மணி?" சுப்பாத்தாளின் சிரிப்பு இன்னும் போகவில்லை, என்னவென்று புரியாததால்.

"பொட்டு வைங்க அத்தை. பன்னீர எங்க மேல தெளிங்க. மெசின் மேல மட்டும் வேண்டாங்க. இடுக்கு வழியா உள்ள போயிருதுங்க. அதைத்தான் ஈரம்னு சொல்றாங்க."

"எட்டு வருசமாக் கைராசின்னு தெளிக்கறா" என்று செங்கோட்டையன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "கடை நடுவுல நின்னு, ஏவாரம் நடக்கையில, என்ன பேச்சு இது? அவ தெளிச்சுத்தான் கெட்டதுன்னு யார் கண்டா?"

நித்யஸ்ரீக்குக் கண் நிறைந்துவிட்டது.

யாரும் எதிர்பாராத விதமாக ஆறுச்சாமி எழுந்தார். காபி டம்ளரை ஓரமாக வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"சம்பந்தி, உட்டுப்போடு கண்ணுன்னு நானுந்தான் வழியெல்லாம் சொல்லிட்டு வந்தேனுங்க. ஆனா என்ற புள்ள தண்ணி ஊத்தலீங்க. உங்க கடையில எடுத்த படந்தானுங்க இது. பாருங்க."

மறுபடி நாதஸ்வரம். பஸ்ஸில் எவ்வளவு சந்தோஷமாகக் கேட்ட சத்தம், இப்போது எப்போது முடியும் என்று இருந்தது. சுப்பாத்தாள் கடைசிவரை பார்த்தார். தன் கை சொம்பை எடுப்பதை, சாய்ப்பதை, தெளிப்பதை. பிறகு கையிலிருந்த சொம்பைத் தாம்பாளத்தில் மெதுவாக வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கல்லூரிப் பெண் தன் புது லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சுரேந்தர் கவுண்டரைச் சுற்றி வந்து அப்பாவின் கையிலிருந்து கடிதத்தை வாங்கிப் படித்தான். அதோடு அவள் வைத்திருந்த நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை சீலைக் குத்தினான். பழையதை வாங்கி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அதே மாடலில் புதுப் பெட்டியை எடுத்தான்.

"யாரக் கேட்டுடா எடுக்கற?"

"வித்தது நாமதானுங்கப்பா." பில்லை எழுதி நித்யஸ்ரீயிடம் நீட்டினான். "இது சீர் இல்ல நித்யா. பழுதுக்கு மாத்திக் குடுக்கறதுன்னே எழுதியிருக்கேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லத் தோன்றியது. நியாயமாகக் கேட்டு வாங்கியதற்கு நன்றி எதற்கு என்றும் தோன்றியது. கடைசியில் அவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள், அவன் முதலில் அசைத்தது போலவே.

"போயிட்டு வாரோமுங்க சம்பந்தி" என்றார் ஆறுச்சாமி.

"ம். கெளம்பு" என்றார் செங்கோட்டையன், தெருவைப் பார்த்தபடி.

வேலைக்காரனைக்கூட 'வாங்க போங்க' என்று பேசுகிற மனுஷன். ஆறுச்சாமி செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆறுச்சாமி யாருக்கும் வீடியோ காட்டவில்லை. சரவணம்பட்டி தாண்டியதும் நித்யஸ்ரீதான் கேட்டாள்.

"நான் பேசுனது தப்புங்களாப்பா?"

"தப்பில்ல கண்ணு." பெருமூச்சு விட்டார். "தப்பில்லாததப் பேசுனாலும் கல்யாணம் நின்னுபோகும். உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ."

அவர் சொன்னது அவளைத் தைத்தது. புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பவும் அந்தச் சொம்பு சாய்வதைப் பார்த்தால் திரும்பவும் கையை நீட்டத்தான் செய்வாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஃபோன் அடித்தது. அத்தை.

"அம்மணி, பஸ்ஸுலயா?"

"ஆமாங்க அத்தை."

"அந்த உடுமலைப்பேட்டைப் புள்ள... தண்ணிய ஊத்திப்போட்டு இங்க வந்து நாயம் பேசறயான்னு கேட்டேன் அம்மணி. நாலு பேர் முன்னாடி. அழுதுட்டே போனா. அவ மெசினுக்கும் நாந்தான் தெளிச்சேன்."

"தெரியாமப் பண்ணதுதானுங்களே அத்தை."

"தெளிச்சது தெரியாம. திட்டுனது தெரிஞ்சுதான திட்டுனேன்?" சுப்பாத்தாளின் குரல் உடைந்தது. "நாளைக்கு அவளுக்கு ஃபோன் பண்ணப் போறேன். மத்தவங்களுக்கும். நெம்பரெல்லாம் சுரேந்தரு எடுத்து வெச்சுட்டான். ஆனா எனக்குப் பேச்சு வராது. நீ பக்கத்துல இருக்கோணும்."

"வாரேனுங்க அத்தை. மாமா என்ன சொன்னாருங்க?"

"ஒண்ணும் சொல்லல. தாம்பாளத்துல இருந்து எதையோ எடுத்துப் பைல போட்டுட்டுக் கார எடுத்துட்டுப் போயிட்டாரு. எங்கேன்னு கேட்டதுக்குப் பதிலில்ல."

எங்கே என்பது அன்னூரில் தெரிந்தது. வீட்டு வாசலில் செங்கோட்டையனின் வெள்ளைக் கார் நின்றது. அம்மா கதவோரம் நின்று, உள்ளே உள்ளே என்று கையைக் காட்டினாள். ஆறுச்சாமியின் கால் கேட்டருகிலேயே நின்றுவிட்டது.

நித்யஸ்ரீதான் முதலில் நுழைந்தாள். "வாங்க மாமா."

செங்கோட்டையன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பைக்குள் கையை விட்டு அந்த வெள்ளிப் பன்னீர்ச் சொம்பை எடுத்து டீப்பாயில் வைத்தார்.

"உன்ற அத்தை இனி இதைத் தொட மாட்டாளாம். பூஜை போடாத கடைய நான் நடத்துனதில்ல. நிறுத்துனது நீ. இதுக்கு ஒரு வழியும் நீயே சொல்லு. பொறகுதான் கல்யாணத்தப் பத்திப் பேச்சு."

கோபமா, இறங்கி வருகிறாரா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறுச்சாமி வாசற்படி வரை வந்து நின்றார்.

நித்யஸ்ரீ சொம்பைக் கையில் எடுத்தாள். உள்ளே இன்னும் கொஞ்சம் பன்னீர் இருந்தது. கல்யாண மண்டப வாசலில் வருகிறவர்களுக்குத் தெளிப்பார்களே, அப்படி மாமனார் மேல் மெல்ல ஒரு வீசு வீசினாள்.

"ஆளுக்குத் தெளிக்கறதுக்குத்தானுங்க மாமா இது இருக்குது. வாங்கறவங்களுக்குத் தெளிக்கச் சொல்லுங்க. அத்தை கையாலயே."

"அடிப்பாவி" என்றாள் அம்மா, கதவோரத்திலிருந்து, சத்தம் வராமல்.

செங்கோட்டையன் மீசையிலிருந்த பன்னீரைத் துண்டால் துடைத்தார். சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. வாசற்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சம்பந்தி, அங்கயே நின்னுட்டீங்க? வந்து உக்காருங்க. காப்பியக் குடிச்சுப்போட்டுப் பேசலாமுங்க."